சாராகடிக் குன்றின் கண்ணாடி

போர்க்களத்தில் வென்றவர் பெயரை வரலாறு பொறித்து வைப்பது இயல்பு. தோற்றவர் பெயர் நிலைபெறுவது அரிது. தோற்றதோடு, நடந்ததை எடுத்துச் சொல்லத் தம்முள் ஒருவர்கூட மிஞ்சாது மாண்டொழிந்த ஒரு சிறு கூட்டத்தின் பெயர், நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நின்று நிலவுவது அதனினும் அரிது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில், இன்று பாகிஸ்தானுக்கு உட்பட்ட சமானா மலைத்தொடரில், 1897ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் நடந்த சாராகடிச் சண்டை அத்தகைய அரிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும். இருபத்தொரு சீக்கியச் சிப்பாய்கள், ஆயிரக்கணக்கில் திரண்டு வந்த மலைநாட்டுப் பட்டாணியரை ஒரு பகற்பொழுது முழுவதும் தடுத்து நின்று, இறுதியில் ஒருவர் பாக்கியின்றி மாண்டனர்.

இந்நிகழ்ச்சியைப் பாடியவர் பலர். நூலாக எழுதியவர் பலர். 2019இல் இந்தித் திரைப்படமாகவும் அது வெளிவந்தது. ஆகவே அவ்வீரத்தை மீண்டும் ஒருமுறை வருணிப்பது நம் நோக்கமன்று. அன்று அக்குன்றில் எதிரெதிரே நின்ற இரு தரப்பாரும் யாவர், எதன் பொருட்டு அங்கு நின்றனர், அவ்விரு தரப்பாருள் ஒரு தரப்பாரின் பெயர்கள் மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு என்பனவே நாம் ஈண்டு ஆராய விழையும் வினாக்கள்.

மலையும் மக்களும்

பஷ்தூன் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மக்களையே நாம் தமிழில் பட்டாணியர் என்கிறோம். அவர்களுள் கிளைகள் பல. பெஷாவருக்கு மேற்கே கைபர்க் கணவாயைச் சூழ்ந்தும், அதன் தெற்கே தீரா என்னும் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலும் வாழ்பவர் அப்ரீதிகள். அவர்களுக்குத் தெற்கே வாழ்பவர் ஒரக்ஸைகள். ஒரக்ஸை நாட்டின் தென் எல்லையில் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பது சமானா மலைத்தொடர். அதன் வடக்கே கான்கிப் பள்ளத்தாக்கு. தெற்கே மீரான்ஸைப் பள்ளத்தாக்கு. சமானாவின் உச்சியில் நிற்பவன் இரு பக்கமும் பார்க்கலாம். அம்மலையைக் கைக்கொண்டவன், கீழே ஒரக்ஸைகள் உழுது பயிரிடுவதையும் மந்தை மேய்ப்பதையும் தன் துப்பாக்கியின் நிழலில் வைத்திருக்கலாம்.

இந்த உண்மையைப் பிரிட்டிஷார் நன்கு உணர்ந்திருந்தனர். 1891ஆம் ஆண்டில் சர் வில்லியம் லாக்கார்ட் என்னும் தளபதியின் தலைமையில் இருமுறை படையெடுத்துச் சமானாவைப் பிடித்தனர். அதன் முகட்டில் கோட்டைகளைக் கட்டினர். ஒன்றுக்கு அத்தளபதியின் பெயரையே சூட்டி லாக்கார்ட் கோட்டை என்றனர். மற்றொன்று குலிஸ்தான் கோட்டை எனப்பட்டது. பூந்தோட்டம் என்று பொருள்படும் பாரசீகச் சொல் ஒரு பாசறைக்குப் பெயராயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1893ஆம் ஆண்டு நவம்பரில், சர் மார்ட்டிமர் டுராண்டும் ஆப்கானிஸ்தானத்து அமீர் அப்துர் ரஹ்மான் கானும் காபூலில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி வகுக்கப்பட்ட கோடு டுராண்டு கோடு எனப் பெயர் பெற்றது. பட்டாணியர் நிலத்தை அது இரண்டாகப் பிளந்தது. ஒரே குலத்தார் சிலர் அமீரின் பக்கமும் சிலர் ஆங்கிலேயரின் பக்கமும் ஆயினர். அந்நிலத்தில் வாழ்ந்த மக்களை எவரும் கலந்து கேட்கவில்லை. அப்ரீதியும் ஒரக்ஸையும் யாருக்கும் வரி செலுத்தாதவர். தம் வழக்குகளை ஜிர்கா என்னும் பேரவையில் தாமே கூடித் தீர்த்துக்கொள்பவர். அவர்கள் கண்முன் எல்லைக் கற்கள் நடப்பட்டன, சாலைகள் வெட்டப்பட்டன, சிகரங்களில் கோட்டைகள் எழுந்தன. அவர்கள் விலைகொடுத்து வாங்கும் கோஹாட் உப்பின் மீதான வரியும் உயர்த்தப்பட்டது.

1897ஆம் ஆண்டு

இவ்வாறு உள்ளே கனன்றுகொண்டிருந்த நெருப்பு 1897இல் எல்லை நெடுகிலும் பற்றிக்கொண்டது. ஜூன் மாதத்தில் வஜீரிஸ்தானத்து மைஸார் கிராமத்தில் பிரிட்டிஷ் காவற்படை தாக்கப்பட்டது. ஜூலை 26ஆம் நாள் இரவு மலாகண்ட் பாசறை தாக்கப்பட்டது. அச்சண்டைகளைப் பின்னர் நூலாக எழுதியவர், அன்று இளம் அதிகாரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் ஆவார். ஆகஸ்டு 7ஆம் நாள் மொஹ்மந்துகள் பெஷாவருக்கு அண்மையிலுள்ள ஷப்கதர் மீது பாய்ந்தனர். ஹத்தா முல்லா எனப் புகழ்பெற்ற நஜ்முத்தீனும், தீராவில் சையித் அக்பரும் குலங்களை ஒன்றுசேர்ப்பதில் முனைந்து நின்றனர். அவ்வாண்டின் முற்பகுதியில் உதுமானியத் துருக்கி கிரேக்கத்தைப் போரில் வென்ற செய்தியும் மலைகளில் பரவி ஊக்கம் ஊட்டியது என்பர்.

ஆங்கில அதிகாரிகள் இவ்வெழுச்சியை ‘மதவெறி’ என்று ஒரே சொல்லில் எழுதி முடித்தனர். சமய உணர்ச்சி அதில் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அப்ரீதிகளின் ஜிர்கா கோரியவை யாவை என்பதைச் சற்று நோக்க வேண்டும். சுவாத்திலிருந்தும் சமானாவிலிருந்தும் படைகள் திரும்பிச் செல்ல வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் தலையாயது. ஆகவே சாராகடியில் நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள விரும்புவோர், சமானாவில் கோட்டை இருத்தலே வழக்கின் பொருளாக இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

லண்டிக்கோட்டலில் நிகழ்ந்தது

சாராகடிக்குச் செல்லுமுன் வாசகர்களைக் கைபர்க் கணவாய்க்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. சாராகடிச் சண்டைக்கு மூன்று வாரங்களுக்குள்ளாக அங்கும் ஒரு கோட்டை வீழ்ந்தது. அதனை அறியாவிடின், பின்னர் கூறப்போகும் செய்தியின் பொருள் விளங்காது.

கைபர்க் கணவாயைக் காக்கும் பொறுப்பு கைபர் ரைபிள்ஸ் என்னும் படையிடம் இருந்தது. அப்படையிற் பெரும்பாலோர் அப்ரீதிகளே. மற்றையோரும் அண்டைப் பட்டாணியரே. பதினெட்டு ஆண்டுகள் கைபரில் பணிபுரிந்து, அம்மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த சர் ராபர்ட் வார்பர்ட்டன் 1897இல்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவர்தம் தாயார் ஆப்கானிய அரச குடும்பத்துப் பெண்மணி.

ஆகஸ்டு 23ஆம் நாள் அப்ரீதிப் படை கணவாய்க்குள் இறங்கியது. அலீ மஸ்ஜித் காவற்கோட்டை வீழ்ந்தது. அடுத்து லண்டிக்கோட்டல் முற்றுகையிடப்பட்டது. உள்ளே இருந்தவரும் கலிமாச் சொன்ன பட்டாணியர். வெளியே இருந்தவரும் கலிமாச் சொன்ன பட்டாணியர். சிலருக்குச் சொந்தச் சகோதரரே வெளியே துப்பாக்கியுடன் நின்றனர். அவர்களின் ஆங்கில அதிகாரி முன்னரே திருப்பி அழைத்துக்கொள்ளப்பட்டார். பெஷாவரில் பெரும்படை இருந்தது. எனினும் அது நகரவில்லை. உதவி வாராது என்று அறிந்த பின்னும் அவ்வீரர்கள் சுட்டுக்கொண்டு நின்றனர். ஒரு நாள் கழிந்து, உள்ளிருந்து சிலர் மனம் மாறிய பின்னரே ஆகஸ்டு 25இல் கோட்டை வீழ்ந்தது.

அங்கு மாண்டவர்களுக்குச் சாராகடிக்குக் கிடைத்த புகழிற் சிறு பங்கும் கிடைக்கவில்லை. ஏனெனில் அவர்களின் கதை பிரிட்டிஷாருக்குச் சங்கடமான கதை. தம்மை நம்பி நின்றவரைத் தாம் கைவிட்ட கதை அது. வார்பர்ட்டன் தம் நூலில் அந்தக் கைவிடலை நொந்து எழுதினார். அரசாங்கம் அதற்கு நினைவு மண்டபம் எழுப்ப விரும்பாததில் வியப்பில்லை.

கதிரொளி பேசிய காவல்வீடு

இனிச் சமானாவுக்கு வருவோம். 1897இல் அம்மலைக் கோட்டைகளைக் காத்து நின்றது 36ஆம் சீக்கியப் படைப்பிரிவு. 1887இல் ஜலந்தரில் உருவாக்கப்பட்ட அப்படையில் சீக்கியர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். ஒரே சமூகத்தாரை ஒரு படையாக அமைப்பது அன்றைய ஆங்கில ஆட்சி விரும்பிக் கையாண்ட முறை. ரஞ்சித் சிங் மகாராஜாவின் காலத்தில் சீக்கியருக்கும் பட்டாணியருக்கும் நிகழ்ந்த போர்களின் நினைவு இரு பக்கமும் மங்காதிருந்தது. 1837இல் ஜம்ரூதில் நடந்த சண்டையில்தான் சீக்கியரின் பெருந்தளபதி ஹரி சிங் நல்வா மாண்டார். அந்தப் பழம்பகை அழியாதிருப்பது எல்லைக் காவலுக்கு நல்லது என்பது ஆள்வோரின் கணக்கு.

படையின் தலைவர் லெப்டினண்ட் கர்னல் ஜான் ஹாட்டன் லாக்கார்ட் கோட்டையில் இருந்தார். சில மைல்களுக்கு அப்பால் குலிஸ்தான் கோட்டை மேஜர் டே வோவின் பொறுப்பில் இருந்தது. மலை குறுக்கிட்டதால் ஒரு கோட்டையிலிருந்து மற்றதைக் காண இயலாது. ஆதலால் இரண்டுக்கும் நடுவே, லாக்கார்ட் கோட்டையிலிருந்து சுமார் ஒன்றரை மைல் தொலைவிலிருந்த ஒரு பாறைக் குன்றின் மீது சிறியதொரு காவல்வீடு கட்டப்பட்டது. அதுவே சாராகடி. கல்லால் எழுப்பிய சுவர், துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள், மரக்கதவு ஒன்று, செய்தி அனுப்புவதற்கு ஒரு மேடை ஆகியவையே அதன் உறுப்புகள்.

அங்கிருந்து செய்தி அனுப்பிய கருவியின் பெயர் ஹீலியோகிராப். முக்காலியின் மேல் பொருத்திய ஒரு கண்ணாடியே அது. கதிரவன் ஒளியை அது எதிர்க்குன்றின் மீது வீசும். விசையை அழுத்தியும் விட்டும் அவ்வொளியை நீண்ட மின்னலாகவும் குறுகிய மின்னலாகவும் வெட்டி, மோர்ஸ் குறிகளாக எழுத்தெழுத்தாய்ச் செய்தியைத் தெரிவிக்கலாம். கம்பி வேண்டாம்; தூதன் வேண்டாம்; வெயில் ஒன்று போதும். ஆயின் அனுப்புபவன் மறைவில் நின்று அனுப்ப இயலாது. கதிரவனுக்கும் எதிர்க்குன்றுக்கும் முகம் காட்டியே அவன் நிற்க வேண்டும்.

காவல்வீட்டில் இருந்தோர் இருபத்தொருவர். ஹவில்தார் ஈஷர் சிங் அவர்களின் தலைவர். அவருக்கு அடுத்தவர் நாயக் லால் சிங். அவருக்கு அடுத்தவர் லான்ஸ் நாயக் சந்தா சிங். எஞ்சியோர் சிப்பாய்கள். அப்பட்டியலை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அதில் குர்முக் சிங் என்ற பெயர் இருமுறை வருகிறது. பகவான் சிங் இருமுறை. ராம் சிங் இருமுறை. ஜீவன் சிங் மும்முறை. ஒரே பெயருடைய சிப்பாய்களைக்கூட ஒருவர் விடாது எழுதிவைத்த பட்டியல் அது. இவர்களன்றி, படைவீரரல்லாத ஊழியர் ஒருவரும் உடன் இருந்தார். தாத் என்று சில நூல்கள் அவரைக் குறிக்கின்றன. அவரும் அங்கேயே மாண்டார். பதக்கம் பெற்ற இருபத்தொருவருள் அவர் இல்லை.

அந்த ஒரு பகல்

ஆகஸ்டு இறுதி முதலே ஒரக்ஸைகள் சமானாவில் தாக்குதல் தொடங்கியிருந்தனர். செப்டம்பர் முற்பகுதியில் அப்ரீதிகளும் வந்து சேர்ந்தனர். குலிஸ்தான் கோட்டை மீது நடந்த தாக்குதல்கள் பலிக்கவில்லை. ஆதலால் இரு கோட்டைகளையும் இணைக்கும் கண்ணை முதலிற் பறிப்பது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணியளவில் பெருங்கூட்டம் சாராகடியை நோக்கி வருவதைச் செய்தியாளர் குர்முக் சிங் கண்ணாடியால் அறிவித்தார். உடனடியாக உதவி அனுப்ப இயலாது என்று ஹாட்டன் விடை அனுப்பினார். வந்தோர் எத்துணையர்? பத்தாயிரம் என்பர், அதனைக் குறைத்தும் கூட்டியும் கூறுவோர் உளர். மலைச்சரிவுகளில் ஓடியும் பதுங்கியும் வரும் கூட்டத்தைத் தொலைவிலிருந்து கண்ணால் அளந்த எண் அது. பல்லாயிரவர் என்று கொள்வதே தகும்.

சிப்பாய்களின் கையிலிருந்தது மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கி. ஒரு குண்டு சுட்டபின் மறு குண்டு இட வேண்டும். எனினும் பயிற்சியுடையோர் கையில் அது மிக்க விரைவுடையது. மலையினரிடம் நீண்ட குழல்களையுடைய பழைய ஜெஸைல்களும் இருந்தன. பல வழிகளில் கிட்டிய புதிய துப்பாக்கிகளும் இருந்தன. முதற்பாய்ச்சலில் அவர்கள் பலத்த இழப்புடன் பின்வாங்கினர். பின்னர்ப் பாறை மறைவுகளிலும் பள்ளங்களிலும் பரவிப் பதுங்கிச் சுட்டனர்.

உள்ளே முதலில் மாண்டவர் பகவான் சிங் என்பர். லால் சிங் கடுங்காயமுற்றார். நண்பகலில் வந்த செய்தி ஒருவர் இறந்ததையும் ஒருவர் காயமுற்றதையும் மூன்று துப்பாக்கிகள் குண்டு பட்டு உடைந்ததையும் தெரிவித்தது. இதனிடையே மலையினர் புதர்களுக்குத் தீயிட்டனர். அப்புகையின் மறைவில் சிலர் சுவரின் அடியை அணுகினர். அக்கட்டடத்தில் ஒரு குறை இருந்தது. சுவரின் ஒரு மூலையை உள்ளிருந்து எந்தத் துளை வழியாகவும் சுட இயலாது. அவ்விடத்தில் அமர்ந்து அவர்கள் கல்லைப் பெயர்க்கத் தொடங்கினர். குலிஸ்தான் கோட்டையிலிருந்து டே வோ அதனைக் கண்டார். எச்சரிக்கைக் குறிகள் காட்டினார். சண்டையின் நடுவே, சாராகடியில் இருந்தோர் அக்குறிகளைக் காணவில்லை. லாக்கார்ட் கோட்டையிலிருந்து புறப்பட்ட சிறு அணியாலும் பெருங்கூட்டத்தைக் கடந்து அணுக முடியவில்லை. ஒன்றரை மைல் தொலைவில் நின்று நண்பர்கள் காணவும், கையளவு உதவியும் செய்ய இயலாத நிலை அது.

பிற்பகல் மூன்றரை மணியளவில் சுவர் இடிந்தது. கதவும் வீழ்ந்தது. அப்போது குர்முக் சிங் கடைசிச் செய்தியை அனுப்பினார். கருவியை மடித்து வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்த அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் தோற்பையில் இட்டு மூடினார் என்பது வரலாறு.

அடுத்து நடந்தவற்றை லாக்கார்ட் கோட்டை காணவில்லை. சாராகடியில் இருந்தவருள் எவரும் வந்து சொல்லவும் இல்லை. ஆயினும் உள்ளே கைகலப்பு நடந்ததும், ஒவ்வொருவராக வீழ்ந்ததும், கடைசியாக ஒருவர் காவலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டு அங்கிருந்து இருபது பேர் வரை சுட்டு வீழ்த்தியதும், அறைக்குத் தீயிட்டே அவரை வெல்ல முடிந்ததும் இன்று எல்லா நூல்களிலும் எழுதப்பட்டுள்ளன. இவற்றை உலகுக்குச் சொன்னவர் யார்?

அவர்களைக் கொன்றவர்களே சொன்னார்கள். கண்ணாடி மூடிய பிறகு நிகழ்ந்த அத்தனையும் அப்ரீதிகளின், ஒரக்ஸைகளின் வாய்மொழியாகவே வெளிவந்தது. அம்மலையினர் தம் எதிரியின் வீரத்தை மறைக்கவில்லை. ஒற்றை மனிதன் தம்முள் இருபதின்மரை வீழ்த்தினான் என்பதைச் சொல்ல நாணவும் இல்லை. சாராகடியின் உச்சக்கட்டம் என்று இன்று போற்றப்படும் அந்தக் காட்சிக்கு அவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

புகழும் பதக்கமும்

சாராகடி வீழ்ந்தவுடன் கூட்டம் குலிஸ்தானை வளைத்தது. ஒரு பகற்பொழுது கடந்துவிட்டதால் அதனை விரைந்து பிடிக்க இயலவில்லை. அக்கோட்டையின் சீக்கியர் வெளியே பாய்ந்து சில கொடிகளைக் கைப்பற்றியும் வந்தனர். செப்டம்பர் 14ஆம் நாள் மேஜர் ஜெனரல் யீட்மன் பிக்ஸின் படை பீரங்கிகளுடன் வந்து சேரவே மலையினர் கலைந்தனர். தம் பக்கத்தில் சுமார் 180 பேர் மாண்டதாக மலையினர் கூறினர் என்று ஆங்கிலேயர் பதிவு செய்தனர். அவ்வெண் பிற்கால நூல்களில் பன்மடங்காகப் பெருகியது.

இருபத்தொருவருக்கும் இந்தியன் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் விருது வழங்கப்பட்டது. விக்டோரியாச் சிலுவை 1911 வரை இந்தியச் சிப்பாய்க்கு உரியதாக இல்லை. அன்று அவர்கள் பெறக்கூடிய மிக உயர்ந்த விருது இதுவே. குடும்பம் ஒன்றுக்கு 500 ரூபாயும் நிலமும் அளிக்கப்பட்டன. அமிர்தசரஸில் 1902ஆம் ஆண்டிலும், பிரோஸ்பூரில் 1904ஆம் ஆண்டிலும் நினைவுக் குருத்துவாராக்கள் எழுந்தன. அப்படைப்பிரிவின் வழிவந்த சீக்கிய ரெஜிமெண்டின் நான்காம் பட்டாலியன் இன்று இந்தியப் படையில் உள்ளது. ஆண்டுதோறும் செப்டம்பர் 12 சாராகடி நாளாகக் கொண்டாடப்படுகிறது. குன்றின் மேல் எழுப்பிய நினைவுத்தூணோ, நாடு பிரிந்தபின் பாகிஸ்தானின் எல்லைக்குள் அமைந்துவிட்டது.

மெய்யான புகழ் இருக்கும் இடத்தில் பொய்யான அணிகலன்கள் வந்து ஒட்டிக்கொள்வது உலக இயல்பு. உலகின் தலைசிறந்த சில வீரச் செயல்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் சாராகடியைப் பட்டியலிட்டுள்ளது என்று மேடைதோறும் முழங்குகின்றனர். போர்ச் செயல்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் வேலையை அந்நிறுவனம் செய்வதில்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தார் செய்தி கேட்டவுடன் எழுந்து நின்று கைதட்டினர் என்பர். அந்தச் செப்டம்பரில் பாராளுமன்றம் கூடியிருக்கவே இல்லை. இருபத்தொருவர் செய்தது இத்தகைய முட்டுகள் இன்றியே நிற்கவல்லது.

மறுபக்கத்துப் பக்கங்கள்

சாராகடி நூல்கள் பலவும் செப்டம்பர் 14ஆம் நாளுடன் முடிந்துவிடுகின்றன. அம்மலை மக்களுக்கோ அன்றுதான் துன்பம் தொடங்கியது. அக்டோபரில் சர் வில்லியம் லாக்கார்ட்டே மீண்டும் வந்தார். இம்முறை அவருடன் வந்த படை சுமார் 35,000 பேர். தீராப் படையெடுப்பு என்று அதற்குப் பெயர். அக்டோபர் 20ஆம் நாள் தர்காய் முகட்டில் மலையினர் கடும்போர் புரிந்து தோற்றனர். அதுவரை ஆங்கிலப்படை காணாத தீராப் பள்ளத்தாக்குகளுக்குள் லாக்கார்ட் நுழைந்தார். ஊர்கள் எரிக்கப்பட்டன. வீடுகளின் காவற்கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்த தானியமும் வைக்கோலும் பறிபோயின. பனி விழும் மாதங்களில் பெண்டிரும் குழந்தைகளும் உயர்மலைகளில் ஒதுங்கினர். 1898இன் தொடக்கத்தில் ஷின்கமர்க் கணவாயில் மலையினர் நடத்திய தாக்குதலில் கர்னல் ஹாட்டனும் உயிர்நீத்தார். இறுதியில் குலங்கள் அபராதமும் துப்பாக்கிகளும் செலுத்திப் பணிந்தன.

சாராகடியில் மாண்ட பட்டாணியரின் பெயர்ப்பட்டியல் எந்த நினைவு மண்டபத்திலும் இல்லை. சுவரின் மூலையில் அமர்ந்து, தலைக்கு மேல் குண்டுகள் பறக்கக் கையால் கல்லைப் பெயர்த்தவர்கள் யார்? அவர்களும் அஞ்சாதவர்களே. தம் ஊருக்கு மேலே எழுந்த அயலாரின் கோட்டையை அகற்றவே அவர்கள் வந்தனர். அவர்களிடம் கண்ணாடி இல்லை. செய்தியை எழுதிக்கொள்ள எதிர்க்குன்றில் ஓர் அதிகாரி இல்லை. பதக்கம் பரிந்துரைக்க ஓர் அலுவலகமும் இல்லை. ஒரு வீரனின் பெயர் வரலாற்றில் நிற்பதற்கு வீரம் மட்டும் போதாது போலும். அவனைப் பார்த்து எழுதும் கை ஒன்றும் வேண்டியிருக்கிறது.

இது மதப்போரா?

அண்மைக் காலத்தில் சாராகடியைச் சீக்கியருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த மதப்போராகச் சித்திரிக்கும் போக்கு வளர்ந்துள்ளது. நாம் இதனை ஏற்பதற்கில்லை. இதன் பொருட்டே லண்டிக்கோட்டலின் கதையை முன்னர்க் கூறினோம். சாராகடியில் சீக்கியர் எந்தக் கொடிக்காக மாண்டனரோ, அதே கொடிக்காக மூன்று வாரங்களுக்கு முன் கைபரில் அப்ரீதி முஸ்லிம்கள் தம் சொந்தக் குலத்தாரை எதிர்த்து நின்று மாண்டனர். தீராவில் படையெடுத்த சேனையிலும் முஸ்லிம் சிப்பாய்கள் இருந்தனர். மதம் மட்டுமே அங்குப் பகைக்குக் காரணமாக இருந்திருப்பின், லண்டிக்கோட்டலின் கதவு ஒரு நாழிகையும் மூடியிருந்திராது. ஏற்ற பணியைக் கைவிடலாகாது என்ற சிப்பாயின் மானமும், தன் மண்ணில் அயலான் நிற்கலாகாது என்ற மலையினனின் மானமும் மோதிக்கொண்டன. அம்மோதலின் ஊதியத்தைப் பெற்றவர் அவ்விருவருமல்லர்.

அப்படியாயின் அச்சிப்பாய்களைக் கூலிக்குப் போரிட்டவர் என்று தள்ளிவிடலாமா? கூடாது. பஞ்சாபின் சிற்றூர்களிலிருந்து வந்த உழவர் மக்கள் அவர்கள். உயிர் காத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் காவலை விட்டு அகலவில்லை. பக்கத்தில் நின்ற தோழனைக் கைவிடவில்லை. ஆயினும் அவர்கள் காத்து நின்ற கோட்டை நியாயத்தின் மேல் கட்டப்பட்டதா என்ற வினாவுக்கு அவர்களின் வீரம் விடையாகிவிடாது. வீரனைப் போற்றுவது ஒன்று. அவனை அங்கு அனுப்பிய ஆட்சியை விசாரிப்பது வேறொன்று. முதலதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தோமாயின், பதக்கம் வழங்கியவர் எதை விரும்பினரோ அதனையே செய்தவர் ஆவோம்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அதே எல்லைப்புறத்தில், பெஷாவரின் கிஸ்ஸா கானிக் கடைத்தெருவில், கான் அப்துல் கப்பார் கானின் தொண்டர்களும் பொதுமக்களும் ஆயுதமின்றித் திரண்டு நின்றனர். அவர்களைச் சுடுமாறு கட்வாலி ரைபிள்ஸ் படையின் ஒரு பகுதிக்குக் கட்டளை பிறந்தது. சந்திர சிங் என்னும் இந்துச் சிப்பாயும் அவருடைய தோழர்களும் சுட மறுத்தனர். அன்று வேறு படையினர் சுட்டதில் பலர் மாண்டனர். கட்டளை மீறிய சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சாராகடியில் எதிரெதிரே நின்ற சிப்பாயும் பட்டாணியனும் தம் இருவருக்கும் மேலே நிற்பவன் யார் என்பதைக் கண்டுகொள்ள, இடையில் ஒரு தலைமுறை கழிய வேண்டியிருந்தது.

சாராகடியைப் பற்றி எழுதுவோர் அனைவரும் ஒரு கடனை நினைவில் கொள்வது நன்று. குர்முக் சிங் கண்ணாடியைப் பைக்குள் இட்டு மூடிய பிறகு, அவ்விருபத்தொருவரும் எவ்வாறு மாண்டனர் என்று உண்மை பேசியவர்கள் அவர்களின் பகைவர்களே. வென்றவர் எளிதாகப் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு ஈடாக, பெயரின்றி அக்குன்றின் சரிவுகளில் புதைந்த மலைமக்களைப் பற்றியும் உண்மை பேசுவது வரலாறு எழுதும் நம் எல்லோர் மீதும் கடமையாகின்றது.